வளைகுடா நாடுகளில் இயந்திரக் கற்றல்: ஆய்வும் பயன்பாடும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடா நாடுகளின் செயற்கை நுண்ணறிவு பற்றித் தமிழில் வரும் செய்திகள் பெரும்பாலும் முதலீட்டுத் தொகையையும் தரவு மையங்களின் பரப்பையும் சொல்லி முடிந்துவிடுகின்றன. அங்கே என்ன ஆராயப்படுகிறது, அது யாருக்கு எப்படிப் பயன்படுகிறது என்று மாணவர்களும், அங்கு வேலை பார்ப்பவர்களும், அவர்களுடைய வீட்டாரும் தொடர்ந்து கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன். அந்த மண்ணும் கடலும் மொழியும் எழுப்பிய சிக்கல்களைக் கையில் எடுத்துக்கொண்ட ஆய்வுகளே அங்கிருந்து வந்தவற்றுள் மிகவும் மதிக்கத்தக்கவை என்பது என் உறுதியான கருத்து. ஆகவே விடைகளும் அந்தப் பக்கமே கூடுதலாகச் சாய்ந்திருக்கும்.

இங்கே வளைகுடா, இயந்திரக் கற்றல் ஆகிய சொற்கள் எந்தப் பொருளில் ஆளப்படுகின்றன?

சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், பஹ்ரைன், ஓமன் ஆகிய 6 நாடுகளையும் சேர்த்து வளைகுடா என்கிறோம். விதிகளை மனிதர் ஒவ்வொன்றாக எழுதித் தராமல், ஏராளமான எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினியே ஒழுங்குகளைக் கண்டெடுத்து, புதிதாக வரும் ஒன்றை அவற்றைக் கொண்டு கணிக்கும் முறைக்கு இயந்திரக் கற்றல் என்று பெயர். அப்படிக் கற்று முடித்த நிரலை மாதிரி என்கிறோம். படத்தில் இருப்பதை அடையாளம் காண்பது முதல் கேள்விக்கு விடை எழுதும் பெருமொழி மாதிரிகள் வரை எல்லாம் இதற்குள் அடங்கும்.

ஆய்வுகள் முக்கியமாக எந்த நிறுவனங்களில் நடக்கின்றன?

செங்கடற்கரையில், ஜித்தாவுக்கு வடக்கே துவல் என்னும் ஊரில் 2009-இல் தொடங்கப்பட்ட கிங் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை முதலில் சொல்ல வேண்டும். கவ்ஸ்ட் என்ற சுருக்கப் பெயரால் எல்லோரும் அறிந்த இந்தப் பல்கலைக்கழகம் முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வுகளுக்கென்றே அமைந்தது. நீண்ட தொடர்களை நினைவில் வைத்துக்கொள்ளும் எல்.எஸ்.டி.எம். என்ற நரம்பியல் வலையமைப்பை (மூளை நரம்புகளின் இணைப்பைப் பார்த்து அமைத்த கணிப்பு முறையை) 1997-இல் இணைந்து வெளியிட்ட ஜூர்கன் ஷ்மிட்ஹூபர், 2021-இல் இதன் செயற்கை நுண்ணறிவு முனைப்புக்குத் தலைமையேற்றார். தரவை ஓரிடத்தில் குவிக்காமல் பல கருவிகளில் இருந்தபடியே மாதிரியைப் பயிற்றுவிக்கும் கூட்டுக் கற்றலின் கணித அடிப்படைகளில் இங்குள்ள பீட்டர் ரிஷ்டாரிக்கின் குழு நெடுங்காலமாகப் பங்களித்து வருகிறது.

தோஹாவில் 2010-இல் நிறுவப்பட்ட கத்தார் கணினி ஆய்வு நிறுவனம் இன்று ஹமத் பின் கலீஃபா பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அரபு மொழித் தொழில்நுட்பத்தில் இதன் உழைப்பு மிக ஆழமானது. அபுதாபியின் மஸ்தார் நகரத்தில் உள்ள முகமது பின் சயீத் செயற்கை நுண்ணறிவுப் பல்கலைக்கழகம் 2019-இல் அறிவிக்கப்பட்டு, 2021-இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. எரிக் ஷிங் அதன் தலைவர். ஃபால்கன் மொழி மாதிரிகளை உருவாக்கிய தொழில்நுட்பப் புத்தாக்க நிறுவனமும், நிஸார் ஹபஷ் நடத்தும் கேமல் என்ற அரபு மொழிக் கணினி ஆய்வகத்தைக் கொண்ட நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகமும் அபுதாபியிலேயே உள்ளன. சவூதியில் கொள்கை வகுப்பதையும் அல்லாம் என்ற மொழி மாதிரியை உருவாக்குவதையும் 2019-இல் தொடங்கப்பட்ட தரவு மற்றும் செயற்கை நுண்ணறிவு ஆணையம் மேற்கொண்டது.

அரபு மொழியைக் கணினிக்குக் கற்பிப்பது ஏன் கடினமாக இருந்தது?

காரணங்கள் மூன்று. அவை ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் தனித்தனியாகத் தீர்க்க முடிவதில்லை.

அன்றாட அரபு எழுத்தில் குறில் உயிர்கள் எழுதப்படுவதில்லை. க, த, ப என்ற மூன்று மெய்கள் மட்டும் தாளில் இருக்கும். அதைப் படிப்பவர் இடம்பார்த்து கதப என்று படித்தால் 'எழுதினான்' என்றும், குதுப் என்று படித்தால் 'நூல்கள்' என்றும், குதிப என்று படித்தால் 'எழுதப்பட்டது' என்றும் பொருளாகிவிடும். அரபு பேசுவோர் இதை எண்ணிப்பார்க்காமலே செய்கிறார்கள். இயந்திரமோ ஒவ்வொரு முறையும் சுற்றியுள்ள சொற்களைப் பார்த்து முடிவெடுத்தாக வேண்டும். அடுத்ததாக, ஒரே சொல்லுக்குள் இணைப்பிடைச்சொல், காலம், எழுவாய், செயப்படுபொருள் எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. 'அவர்கள் அதை எழுதவும் செய்வார்கள்' என்பதை வஸயக்துபூனஹா என்று இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதலாம். தமிழ் எழுதுபவர்களுக்கு இது நன்கு பழகிய தொல்லைதான். சொல்லை உறுப்புகளாகப் பிரித்துக் காட்டாவிட்டால் இயந்திரம் ஒவ்வொரு வடிவத்தையும் புதுச் சொல்லாக எண்ணிக்கொள்ளும். இந்தப் பிரிப்பு வேலையை விரைவாகச் செய்ய கத்தார் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஃபராசா என்ற கருவியும், கேமல் ஆய்வகம் பின்னர் வெளியிட்ட கேமல் டூல்ஸ் என்ற தொகுப்பும் இன்றும் ஆய்வாளர்கள் கையாள்பவை.

மூன்றாவது காரணம் பேச்சு வழக்கு. செய்தித்தாளின் அரபு ஒன்று, ரியாத்தின் வீட்டு அரபு வேறு, ரபாத்தின் தெரு அரபு மற்றொன்று. இவற்றுக்கு இடையிலான தூரத்தை அளக்கவே மதார் என்ற திட்டத்தில் 25 நகரங்களின் பேச்சு வழக்குகளில் ஒரே வாக்கியங்களை மொழிபெயர்த்து அடுக்கினார்கள். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் கத்தார் வளாகமும், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகமும் கொலம்பியா பல்கலைக்கழகமும் இணைந்து செய்த அந்தப் பணியைப் பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டாகவே நான் மதிக்கிறேன். ஒரு மாதிரியின் பெயர் செய்தியில் அடிபடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இப்படிப்பட்ட தொகுப்புகளை யாரோ சிலர் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

ஜெய்ஸ், ஃபால்கன், ஃபனார், அல்லாம் ஆகிய மொழி மாதிரிகளுக்கு இடையே என்ன வேறுபாடு?

ஃபால்கன் தொடக்கத்தில் அரபு மாதிரியே அன்று. 2023 மே மாதம் வந்த 4,000 கோடி பாராமீட்டர்கள் (பயிற்சியின்போது மாதிரி தனக்குள் சரிசெய்துகொள்ளும் எண்கள்) கொண்ட ஃபால்கன், பெரும்பாலும் ஆங்கிலமும் சில ஐரோப்பிய மொழிகளும் கலந்த 1 லட்சம் கோடி டோக்கன்களில், அதாவது சொற்களிலும் சொல் துண்டுகளிலும், பயிற்றுவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 18,000 கோடி பாராமீட்டர்களுடன் பெரிய வடிவம் ஒன்று வந்தது. ஃபால்கனின் நிலைத்த பங்களிப்பு எதுவென்று என்னைக் கேட்டால், அதன் பயிற்சித் தரவையே சுட்டுவேன். இணையத்தில் திரட்டிய உரையை முறையாக வடிகட்டி, மறுபதிப்புகளை நீக்கிவிட்டால், தேர்ந்தெடுத்த நூல் தொகுப்புகள் இல்லாமலே தரமான மாதிரியைப் பயிற்றுவிக்கலாம் என்று அந்தக் குழு காட்டியது. அப்படி வடிகட்டிய ரீஃபைண்டுவெப் தரவின் ஒரு பெரும் பகுதியை எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அரபுக்கென்றே பயிற்றுவித்த ஃபால்கன் 2025 மே மாதத்தில்தான் வந்தது.

ஜெய்ஸ் வேறு வழியில் பிறந்தது. அபுதாபியின் ஜி42 தொழில்நுட்பக் குழுமத்தைச் சேர்ந்த இன்செப்ஷன் நிறுவனம், முகமது பின் சயீத் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் செரிப்ராஸ் நிறுவனம் ஆகியவை சேர்ந்து 2023 ஆகஸ்டில் வெளியிட்ட, 1,300 கோடி பாராமீட்டர்கள் கொண்ட அரபு-ஆங்கில இருமொழி மாதிரி அது. அமீரகத்தின் மிக உயர்ந்த மலையான ஜபல் ஜெய்ஸின் பெயரைத் தாங்கியது. தரவுப் பஞ்சத்தை அவர்கள் சமாளித்த விதம் தமிழில் இத்தகைய வேலை செய்பவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது. வடிகட்டிய பின் கையில் மிஞ்சிய அரபு உரை போதாததால் ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்தும் நூல்களிலிருந்தும் 1,800 கோடி டோக்கன் அளவுக்கு அரபில் இயந்திர மொழிபெயர்ப்புச் செய்து சேர்த்தார்கள். அப்படிக் கிடைத்த 7,200 கோடி டோக்கன்களை ஏறத்தாழ 1.6 முறை திரும்பப் படிக்கச் செய்து, 11,600 கோடியாகக் கணக்கிட்டு, ஆங்கிலமும் நிரல்களும் கலந்து மொத்தம் 39,500 கோடி டோக்கன்களில் பயிற்சி கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் கற்ற பொது அறிவு அரபு விடைகளுக்கும் கைகொடுக்கும் என்ற எதிர்பார்ப்பு பெருமளவு பலித்தது. இரு மொழிக்கும் பொதுவான சொற்பட்டியலைப் புதிதாக அமைத்ததும் அவர்கள் எடுத்த நல்ல முடிவு. ஆங்கிலத்துக்காகச் செய்த சொற்பட்டியலில் அரபுச் சொல், தமிழ்ச் சொல்லைப் போலவே, பல துண்டுகளாகச் சிதறிப்போகும். துண்டு கூடக்கூடச் செலவும் கூடும்.

கத்தாரின் ஃபனார் 2024 டிசம்பரில் அறிமுகமானது. இஸ்லாம் சார்ந்த கேள்விகளுக்கு மூல நூல்களைத் தேடி எடுத்து, அவற்றின் அடிப்படையில் விடை சொல்லும் தனிப் பிரிவு அதில் உண்டு. சவூதியின் அல்லாம் குழு, ஏற்கெனவே ஆங்கிலம் கற்ற மாதிரிக்கு அரபுச் சொற்களைச் சேர்த்துத் தொடர்ந்து பயிற்றுவிக்கும் வழியையும் அடியிலிருந்து புதிதாகப் பயிற்றுவிக்கும் வழியையும் சேர்த்தே சோதித்தது. 2025 மே மாதம் தொடங்கப்பட்ட ஹுமெய்ன் நிறுவனம் அதை உரையாடல் செயலியாகப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது.

பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆய்வு எந்த அளவில் உள்ளது?

அல் ஜசீரா தொலைக்காட்சி தோஹாவிலேயே இருப்பது இந்த ஆய்வுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. அதன் ஒலிபரப்புகளிலிருந்து 2016-இல் 1,200 மணி நேரம் கொண்ட, ஆய்வுப் போட்டிக்கான பேச்சுத் தொகுப்பும், 2021-இல் 2,000 மணி நேரம் கொண்ட காசர் தொகுப்பும் கத்தார் நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. செய்தி வாசிப்பவரின் அரபை எழுத்தாக்குவது இப்போது நன்றாகவே நடக்கிறது. மருத்துவமனை வரவேற்பறையிலோ வங்கியின் தொலைபேசி மையத்திலோ நிலைமை வேறு. அங்கே பேசுபவர் அரபில் தொடங்கி ஆங்கிலத்துக்குத் தாவி, மீண்டும் அரபில் முடிப்பார். எதிரில் இருப்பவர் மலையாளியாகவோ தமிழராகவோ வங்காளியாகவோ இருக்கலாம். அமீரகத்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர் என்னும்போது, அந்த நாட்டில் உண்மையில் பேசப்படும் மொழிக் கலவையை அரபு-ஆங்கிலத் தொகுப்பு மட்டும் பிரதிபலிக்காது. தெற்காசியர் பேசும் வளைகுடா அரபுக்கு, அதாவது வேலைத்தளங்களில் உருவான அந்தச் சுருங்கிய அரபுக்கு, நல்ல பேச்சுத் தொகுப்பு ஒன்றைத் திரட்டுவது மிகவும் பயனுள்ள ஆய்வாக இருக்கும் என்று நம்புகிறேன்.

பேரீச்சை மரங்களுக்கும் இயந்திரக் கற்றலுக்கும் என்ன தொடர்பு?

தென்னை வைத்திருக்கும் எவருக்கும் சிவப்புக் கூன்வண்டைத் தெரியும். தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் தாயகமாகக் கொண்ட அந்த வண்டு 1980-களின் நடுவில் வளைகுடாவுக்குள் நுழைந்து, பேரீச்சைக்குக் கொடிய பகையாகிவிட்டது. பெண் வண்டு தண்டில் முட்டையிடும். பொரித்து வரும் புழு மரத்தின் உட்பகுதியைக் குடைந்து தின்னும். வெளியே அடையாளம் தெரியும் நேரத்தில் மரம் பெரும்பாலும் காப்பாற்ற முடியாத நிலைக்குப் போயிருக்கும். காதை வைத்துக் கேட்டும், மோப்ப நாய்களைக் கொண்டும், தண்டில் கருவி செருகியும் கண்டறிய முயன்றிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மரங்கள் நிற்கும் தோப்பில் இவை கட்டுப்படியாகாது.

கவ்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஒளியியல் குழு 2020-இல் வெளியிட்ட தீர்வு எளிய கருத்தில் எழுந்தது. இணைய இணைப்புக்குப் பயன்படும் ஒளியிழையை ஒரு மரத்தின் அடித்தண்டில் சில சுற்றுகள் சுற்றி, அப்படியே அடுத்த மரத்துக்கு, அதற்கடுத்த மரத்துக்கு என்று தோப்பு முழுக்கக் கொண்டுபோகிறார்கள். இழையின் ஒரு முனையிலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பினால், இழை நெடுகிலுமிருந்து மெல்லிய ஒளி சிதறித் திரும்பி வரும். தண்டுக்குள் புழு கடிக்கும்போது ஏற்படும் நுண்ணதிர்வு அந்த ஒளியைச் சிறிது மாற்றும். திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு எந்த மரம் என்று சொல்லிவிடலாம். பிறந்து 12 நாளே ஆன புழுவின் ஒலியைக் கூட இந்த முறையில் பிடிக்க முடிந்தது.

ஆனால் தோப்பு ஆய்வகம் போன்றதன்று. காற்று ஓலையை அசைக்கும், பறவை வந்து உட்காரும், நீர் இறைக்கும் மோட்டார் ஓடும். இத்தனை இரைச்சலுக்கு நடுவில் புழு கடிக்கும் ஒலியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டிய கட்டத்தில்தான் இயந்திரக் கற்றல் தேவைப்பட்டது. புழு உள்ள மரம், இல்லாத மரம் ஆகிய இரண்டின் அதிர்வுப் பதிவுகளையும் கொடுத்து நரம்பியல் வலையமைப்பைப் பயிற்றுவித்தார்கள். காற்றிருக்கும் சூழலிலும் அது இரண்டையும் வேறுபடுத்திக் காட்டியது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு நேராகப் பயன்படக்கூடிய ஆய்வு இது. தென்னையின் தண்டும் நம் காற்றும் மழையும் வேறு என்பதால் இங்குள்ள பதிவுகளைக் கொண்டு மறுபடி பயிற்றுவிக்க வேண்டியிருக்கும்.

எண்ணெய், எரிவாயுத் துறையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

நிலத்தடி அதிர்வலைப் படங்களில் பாறை அடுக்குகளையும் பிளவுகளையும் அடையாளம் காண்பது, கிணறுகளின் வரத்தைக் கணிப்பது, கருவிகள் பழுதாகும் முன் எச்சரிப்பது ஆகியவை முதன்மையான பயன்பாடுகள். சவூதி அராம்கோவின் உஸ்மானியா எரிவாயு ஆலையை உலகப் பொருளாதார மன்றம் 2019-இல் தன் முன்னோடித் தொழிற்சாலைகளின் பட்டியலில் சேர்த்தது. 25,000 கோடி பாராமீட்டர்கள் கொண்ட மெட்டாபிரெய்ன் என்ற சொந்த மொழி மாதிரியை அந்த நிறுவனம் 2024-இல் அறிவித்தது. அபுதாபியின் அட்னாக் நிறுவனமும் ஜி42-உம் சேர்ந்து ஏ.ஐ.கியூ. என்ற கூட்டு நிறுவனத்தை 2020-இல் தொடங்கின.

பழுது கணிப்பில் ஒரு நுட்பம் உண்டு. பெரிய விசையாழியோ அழுத்தியோ பழுதாவது அபூர்வம்; அதனால் பழுதுக்கான எடுத்துக்காட்டுகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவே இருக்கும். எனவே பழுதைக் கற்பிப்பதற்குப் பதிலாக இயல்பான இயக்கத்தை மாதிரிக்குக் கற்பித்து, அதிலிருந்து விலகுவதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். குளிர்நாட்டு ஆலையின் பதிவுகளில் கற்ற மாதிரியை 45 பாகை வெயிலும் தூசும் உள்ள இடத்தில் வைத்தால், அதற்கு ஒவ்வொரு கோடைப் பகலும் விலகலாகவே தெரியும். பொய் எச்சரிக்கை அடிக்கடி வந்தால் இயக்குபவர்கள் திரையைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். உள்ளூர்ப் பதிவுகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே போதிய விடை.

குடிநீர் உற்பத்தியில் இதற்கு இடம் உண்டா?

நிறையவே உண்டு. வளைகுடா நகரங்கள் குடிக்கும் நீரில் பெரும்பங்கு கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிக் கிடைப்பது. 2008-இன் பிற்பகுதியில் தொடங்கி 2009 வரை நீடித்த செந்நிற அலை, அதாவது நுண்பாசிகள் பெருகிக் கடல் செந்நிறமாகும் நிகழ்வு, அமீரகத்திலும் ஓமனிலும் சில ஆலைகளை மூட வைத்தது. பாசி உறிஞ்சுகுழாய்க்கு வருவதை முன்கூட்டியே அறிந்தால் முன்வடிகட்டலைக் கூட்டலாம், நீரைச் சேமித்துவைத்துக்கொள்ளலாம். செயற்கைக்கோள் படங்களில் கடலின் நிறத்தைப் பார்த்துப் பாசியின் அளவை மதிப்பிடுவது வழக்கம். வளைகுடாக் கடலோ சராசரியாக 35 மீட்டர் ஆழமே கொண்டது. கரையோரத்தில் அடிமணலின் ஒளியும் மேலே மிதக்கும் தூசும் கணக்கைக் குழப்பிவிடும். உலகக் கடல்களுக்கென்று எழுதிய பொதுச் சூத்திரம் இல்லாத பாசியை இருப்பதாகச் சொல்லும். அந்தக் கடலிலேயே எடுத்த நீர்மாதிரிகளோடு படங்களைப் பொருத்திக் கற்ற மாதிரிகள் இந்தக் குறையைக் குறைக்கின்றன. ஆலைக்குள்ளே உப்பை வடிகட்டும் சவ்வுகளில் அழுக்குப் படிவதைக் கணித்து, எப்போது கழுவுவது என்று சொல்வதும் வளர்ந்துவரும் பயன்பாடு.

தூசு, சூரிய மின்சாரம், மழை ஆகியவற்றில்?

இரவின் ஈரப்பதம் தூசைக் களிம்பாக்கி, காலை வெயில் அதைச் சூரியத் தகடுகளின் மேல் இறுக்கிவிடுகிறது. கழுவ நீரும் ஆளும் வேண்டும். கழுவாவிட்டால் மின்சாரம் குறையும். மின்னளவுப் பதிவுகளையும் தூசு முன்னறிவிப்பையும் சேர்த்துப் பார்த்து, எந்த வரிசையை எந்த நாளில் துடைப்பது என்று முடிவெடுக்க மாதிரிகள் உதவுகின்றன. மழையில் அத்தனை நம்பிக்கை வைக்க முடியாது. 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 1949-இல் பதிவுகள் தொடங்கிய பிறகு அமீரகம் காணாத மழை அது. பழைய பதிவுகளில் இல்லாத ஒன்றைப் பழைய பதிவுகளில் மட்டுமே கற்ற மாதிரி கணிக்கத் திணறும் என்பதால், இயற்பியல் சமன்பாடுகளில் இயங்கும் வழக்கமான வானிலை மாதிரிகளைக் கைவிட முடியாது.

ஹஜ் கூட்டத்தைக் கையாள்வதில் இது எப்படி உதவுகிறது?

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆண்டுதோறும் ஹாஜிகள் செல்வதால் இந்தக் கேள்வி பல வீடுகளிலிருந்து வருகிறது.

2006 ஜனவரி 12 அன்று மக்காவை அடுத்த மினாவில், கல்லெறியும் சடங்கு நடக்கும் ஜமராத் பாலத்தின் வாயிலில் ஏற்பட்ட நெரிசலில் 340-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அன்றைய கண்காணிப்புக் காணொளியை டிர்க் ஹெல்பிங், ஆண்டர்ஸ் யோஹான்சன், ஹபீப் அல் ஆபிதீன் ஆகிய மூவரும் கணினி கொண்டு ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். சீராக நகர்ந்த கூட்டம் முதலில் நின்று நின்று நகரத் தொடங்கியது. அடர்த்தி மேலும் கூடியதும், எவரும் தம் விருப்பப்படி கால் வைக்க முடியாமல், நாலா திசையிலும் அலைக்கழிக்கப்படும் கொந்தளிப்பாக மாறியது. நின்று நகரும் அந்த அலைகளே முன்னெச்சரிக்கை என்பதும், ஓரிடத்தில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு அவர்களுடைய வேகம் எப்படி மாறி மாறி அடிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும் என்பதும் அந்த ஆய்வு தந்த பாடங்கள். பழைய பாலம் இடிக்கப்பட்டுப் பல அடுக்குகளாகப் புதிய பாலம் எழுந்தது. போக்கும் வரவும் பிரிக்கப்பட்டன. 2015-இன் நெரிசல் பெருந்துயரம் பாலத்தில் நேரவில்லை, மினாவின் தெருச் சந்திப்பில் நேர்ந்தது.

இன்று கேமராப் படங்களிலிருந்து அடர்த்தியைக் கணிக்கும் ஆழ்கற்றல் (பல அடுக்கு நரம்பியல் வலையமைப்பு) மாதிரிகள் பயன்பாட்டில் உள்ளன. தலைகளை ஒவ்வொன்றாக எண்ணாமல், படத்தின் ஒவ்வொரு சிறு பகுதிக்கும் அடர்த்தியை மதிப்பிட்டுக் கூட்டுவது இவற்றின் வழி. எல்லோரும் வெள்ளை இஹ்ராமிலோ கறுப்பு உடையிலோ இருப்பதும், வெயிலுக்குப் பிடிக்கும் குடைகள் தலையை மறைப்பதும் பொதுத் தெருப் படங்களில் கற்ற மாதிரியைத் தடுமாறச் செய்யும். அதனால் ஹஜ் காட்சிகளிலேயே குறியிட்ட தரவுத் தொகுப்புகள் உருவாக்கப்பட்டன.

2024-இன் ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகவும், அவர்களில் 83 விழுக்காட்டினர் பதிவு இல்லாமல் வந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. மக்காவின் பெரிய பள்ளிவாசலில் வெப்பம் 51.8 பாகையைத் தொட்ட பருவம் அது. பதிவு பெற்றவர்களுக்குத்தான் குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் ஒதுக்கப்படுகின்றன. பதிவில்லாதவர் வெயிலில் நெடுந்தூரம் நடக்கிறார். பட்டியலில் இல்லாத மனிதரைக் கேமரா எண்ணும், ஆனால் அவருக்கான நீரையும் நிழலையும் எந்தத் திட்டமும் ஒதுக்காது. கணிப்பின் துல்லியத்தை உயர்த்துவதால் மட்டும் இந்த உயிர்களைக் காக்க முடியாது என்பதை இத்துறையில் இருப்பவர்கள் மறக்கவே கூடாது.

மருத்துவத்தில் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் எவை?

கத்தார் மரபணுத் திட்டம் 6,218 பேரின் முழு மரபணுத் தொடரை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவுகளில் ஒன்று பரவலாகப் பேசப்பட வேண்டியது. ஐரோப்பியர் தரவில் உருவான மரபணு இடர் மதிப்பெண்கள், அதாவது நோய் வரும் வாய்ப்பை மரபணுவைக் கொண்டு கணக்கிடும் எண்கள், கத்தாரியரிடம் குறைந்த துல்லியத்தையே காட்டின. ஐரோப்பியருக்காக உருவான கருவியை அப்படியே இறக்குமதி செய்து கத்தாரில் நோயாளிக்கு நம்பிக்கை கொடுப்பது ஆபத்து என்பதை எண்களால் காட்டிய ஆய்வு அது. நீரிழிவு மிகுந்த வட்டாரம் என்பதால் விழித்திரைப் படங்களில் பாதிப்பைக் கண்டறிவதிலும், ரமலான் நோன்பின்போது உணவும் உறக்கமும் மாறுவதால் சர்க்கரை அளவு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பதிலும் ஆர்வம் மிகுதி.

தரவு மையங்களையும் சில்லுகளையும் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

பெரிய மாதிரிகளைப் பயிற்றுவிக்கத் தேவையான உயர்தரச் சில்லுகளை அமெரிக்க நிறுவனங்களே வடிவமைக்கின்றன. அவற்றை வளைகுடா நாடுகளுக்கு அனுப்ப உரிமம் வேண்டும் என்று அமெரிக்கா 2023 அக்டோபரில் விதியை விரித்தது. 2024 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஜி42-இல் 150 கோடி டாலர் முதலீடு செய்ததும், 2025 மே மாதம் அபுதாபியில் 1 ஜிகாவாட் திறனுள்ள ஸ்டார்கேட் தரவு மையம் அறிவிக்கப்பட்டதும் இந்தப் பின்னணியில் நிகழ்ந்தவை. ஃபால்கன் அமேசானின் மேகக் கணினிகளில் பயிற்சி பெற்றது. ஜெய்ஸ் பயிற்சி பெற்ற காண்டர் கேலக்ஸி கணினி கலிஃபோர்னியாவில் இருக்கிறது. சொந்த மண்ணில் கணினித் திறன் வேண்டும் என்ற அந்நாடுகளின் அவசரம் இதிலிருந்து விளங்கும்.

வேலைக்குச் சென்றவர்களின் தரவுக்குப் பாதுகாப்பு உண்டா?

சட்டங்கள் இருக்கின்றன. கத்தார் 2016-இலும் பஹ்ரைன் 2018-இலும் அமீரகம் 2021-இலும் ஓமன் 2022-இலும் தனிநபர் தரவுச் சட்டங்களை இயற்றின. சவூதியின் சட்டம் 2024 செப்டம்பர் 14 முதல் முழுமையாக அமலில் உள்ளது. அமீரகச் சட்டம் அரசு வைத்திருக்கும் தரவுக்குப் பொருந்தாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீடு 32.1 பாகையைத் தாண்டினால் திறந்தவெளி வேலையை நிறுத்த வேண்டும் என்று கத்தார் 2021-இல் விதித்தது. தொழிலாளியின் இதயத்துடிப்பையும் தோல் வெப்பத்தையும் அளக்கும் கைப்பட்டையோடு மாதிரியை இணைத்தால், மயங்கி விழும் முன்பே அவரை நிழலுக்கு அனுப்பலாம். உயிர் காக்கக்கூடிய பயன்பாடு அது. அதே பதிவைக் கொண்டு, யார் உடல் தளர்ந்துவிட்டார் என்று பார்த்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடவும் முடியும். பதிவு யாரிடம் இருக்கும், எத்தனை நாள் இருக்கும், வேலை கொடுப்பவர் தனி ஆளின் அளவைப் பார்க்கலாமா என்பவை தொழிலாளிக்குப் புரியும் மொழியில், தமிழிலும் வங்க மொழியிலும் நேபாளியிலும், முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். அது இல்லாத இடத்தில் கைப்பட்டை கட்டச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

தமிழ் மாணவர்கள் அங்கே ஆய்வு செய்ய எப்படி விண்ணப்பிப்பது?

கவ்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் முதுநிலை, முனைவர் பட்டங்களுக்குத் தேர்வானவர்களுக்குக் கல்விக் கட்டணம், உதவித்தொகை, தங்குமிடம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை உள்ளடக்கிய நல்கை கிடைக்கிறது. அங்குள்ள வருகை மாணவர் ஆய்வுத் திட்டத்தில் இளநிலையின் பிற்பகுதி ஆண்டுகளில் உள்ள மாணவர்களும் முதுநிலை மாணவர்களும் 3 முதல் 6 மாதம் வரை ஒரு பேராசிரியரின் குழுவில் சேர்ந்து பணியாற்றலாம். முகமது பின் சயீத் பல்கலைக்கழகமும் பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. இளநிலை மாணவர்களுக்கு 4 வாரக் கோடைப் பயிற்சி ஒன்றையும் நடத்துகிறது.

விண்ணப்பத்தில் மதிப்பெண் பட்டியலை விட, நீங்களே தரவைத் திரட்டி, தூய்மைப்படுத்தி, ஒரு கேள்விக்கு விடை தேடிய சிறிய வேலை ஒன்று அதிகம் பேசும் என்பது என் கணிப்பு. சொந்த ஊர்த் தோப்பில் கூன்வண்டுத் தாக்குதல் கண்ட மரங்களின் ஒலிப்பதிவு, உங்கள் வட்டாரப் பேச்சின் எழுத்தாக்கம், அரசு மருத்துவமனைக்கு உதவக்கூடிய ஓர் எளிய அளவீடு என்று எதுவும் இருக்கலாம். பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தில் அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் தீராமல் நிற்கும் ஒரு கேள்வியை நீங்கள் எப்படி அணுகுவீர்கள் என்று ஒரு பத்தியில் சொல்லுங்கள். நிரலையும் தரவையும் பிறர் பார்க்கும்படி வைத்து, அதன் இணைப்பை அந்தப் பத்திக்குக் கீழே கொடுத்துவிடுங்கள்.